இடைவெளிக்குள் இடைவெளி இல்லை

காங்கேயத்தில் மாலை நேரங்களில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வரும். இந்த முறை கடைசி வரிசையில் இருந்த பெண் கேட்டாள்: "ஏனுங்க சார், இடைவெளின்னா ஒண்ணுமில்லாத எடந்தானுங்களே? அதுக்குள்ள எப்படீங்க சார் இத்தனை எண்ணு இருக்கும்?"

நியாயமான கேள்வி. இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி, இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளி, முன்னால் போகும் லாரிக்கும் நம் வண்டிக்கும் நடுவே இடைவெளி. பேச்சில் இந்தச் சொல் வரும் இடமெல்லாம் காலியிடம்தான். கணக்குப் புத்தகமோ, எண்கள் நெருக்கியடித்து நிறைந்திருப்பதைப் போய் 'இடைவெளி' என்கிறது. பிள்ளைகள் தடுமாறாமல் என்ன செய்வார்கள்?

தடுமாற்றம் பிள்ளைகளோடு நிற்பதில்லை. "அஞ்சுக்கு அடுத்த எண் ஆறு", "முடிவிலி என்பது ரொம்பப் பெரிய எண்", "0.999 என்று போய்க்கொண்டே இருப்பது ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு", "பை என்றால் 22/7". படித்தவர்களும் சொல்லும் இந்த நான்குமே தவறு. நான்குக்கும் வேர் ஒன்று: மெய்யெண்களின் இடைவெளி எப்படிப்பட்டது என்பது மனதில் படியாமல் போனது. அதைப் படிய வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

வெளி என்றால் காலியா?

தமிழில் 'வெளி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று வெற்றிடம். இன்னொன்று பரந்து கிடக்கும் நிலம்: வயல்வெளி, புல்வெளி, மணல்வெளி. வயல்வெளி என்றதும் காலியான இடம் யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை நெல் நிற்பதுதான் தோன்றும். கணக்கில் வரும் இடைவெளியை இந்த இரண்டாவது பொருளில் படித்துப் பாருங்கள்: இரண்டு எல்லைகளுக்கு இடையே விரிந்து கிடக்கும் வெளி. பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆங்கிலத்தில் இதை இன்டர்வெல் என்கிறார்கள். அதன் லத்தீன் மூலத்தில் 'இன்டர்' என்றால் இடையே; 'வால்லும்' என்றால் கழிகள் நட்ட அரண். இரண்டு அரண்களுக்கு நடுவிலுள்ள இடம் என்று பொருள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைக் கேட்டதும் கொறங்காடு நினைவுக்கு வரும்.

காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் மேய்ச்சல் நிலம் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை நட்டு உயிர்வேலி போட்டிருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்ளவேல மரம். எங்கள் அப்புச்சியின் (அம்மாவைப் பெற்ற தாத்தாவின்) காட்டில் மேற்கு வேலியிலிருந்து கிழக்கு வேலிக்கு நேராக நடந்தால் கால் வைக்கும் இடமெல்லாம் புல்தான். அந்த நேர்நடையை ஒரு கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஓர் இடம்கூட விடுபடவில்லை. கணக்கில் வரும் இடைவெளியும் இப்படித்தான்.

கல்லும் ரோடும்

அந்தக் கோட்டில் புல்லுக்குப் பதிலாக எண்களை வைக்க வேண்டும். எந்த எண்களை?

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் ரோட்டை எடுத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டுதான் பூஜ்யம். தாராபுரம் பக்கம் போனால் 1, 2, 3 என்று கிலோமீட்டர். எதிர்ப்பக்கம், சென்னிமலை நோக்கிப் போனால் −1, −2, −3. கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கிறது. இந்தக் கற்கள்தான் முழு எண்கள். மூன்றாம் கல்லுக்கு அடுத்த கல் எது என்று கேட்டால் நான்காம் கல் என்று உடனே சொல்லிவிடலாம்.

ஆனால் வண்டி பஞ்சராவது கல் பார்த்தா? 3.4-இல் நிற்கும், 3.4172-இல் நிற்கும், ரோட்டில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். கற்களை மறந்துவிட்டு ரோட்டையே பாருங்கள். ரோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் பூஜ்யத்திலிருந்து ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைச் சொல்லும் எண்தான் மெய்யெண். இப்படிப் புள்ளிக்கு ஓர் எண் வீதம் பெயர் வைத்த நேர்கோட்டுக்கு எண்கோடு என்று பெயர்.

மெய்யெண்களில் இரண்டு வகை. இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுத முடிவது விகிதமுறு எண்: 1/2, 17/5, 3.4172 எல்லாம் இந்த வகை. அப்படி எழுதவே முடியாதது விகிதமுறா எண். பக்கத்துக்கு ஒரு மீட்டர் உள்ள சதுரக் கல்லைத் தரையில் பதித்து, மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நூல் பிடித்தால் அந்த நூலின் நீளம் √2 மீட்டர். கண்முன்னே இருக்கும் நீளம்தான். ஆனாலும் எந்தப் பின்னத்தாலும் அதைச் சரியாகச் சொல்ல முடியாது.

இப்போது கேளுங்கள்: மூன்றுக்கு அடுத்த மெய்யெண் எது? 3.1 என்றால் அதற்கு முன்னால் 3.01 இருக்கிறது. 3.01 என்றால் 3.001. நீங்கள் எதைச் சொன்னாலும், அதையும் மூன்றையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடுவில் புதிதாக ஒன்று வந்து நிற்கும். ஆக, மூன்றுக்கு அடுத்த மெய்யெண் என்று ஒன்று கிடையாது. "அஞ்சுக்கு அடுத்தது ஆறு" என்பது கற்களுக்குப் பொருந்தும், ரோட்டுக்குப் பொருந்தாது.

இதுவரை பார்த்தது: எண்கோடு முழுக்க மெய்யெண்கள். எந்த இரண்டு மெய்யெண்களுக்கு நடுவிலும் இன்னொன்று உண்டு. 'அடுத்தது' என்ற பேச்சு இங்கே செல்லாது.

விதி ஒன்றுதான்

எண்களின் ஒரு தொகுப்பைக் கணம் என்போம். ஒரு கணம் இடைவெளியா இல்லையா என்று பார்க்க ஒரே சோதனை போதும். அந்தக் கணத்திலிருந்து எந்த இரண்டு எண்களை எடுத்தாலும், அவற்றுக்கு நடுவில் இருக்கும் ஒவ்வொரு மெய்யெண்ணும் அதே கணத்தில் இருக்க வேண்டும். இருந்தால் அது இடைவெளி. ஒன்றே ஒன்று விடுபட்டாலும் இல்லை.

3 முதல் 7 வரையிலான எல்லா மெய்யெண்களும்? இடைவெளிதான். 1, 2, 3 என்ற மூன்று எண்கள் மட்டும்? இல்லை, 1.5 காணோம். பூஜ்யத்தைத் தவிர்த்த மற்ற எல்லா எண்களும்? −1 இருக்கிறது, 1 இருக்கிறது, நடுவில் இருக்கும் பூஜ்யம் இல்லை. ஒரே ஒரு புள்ளியை எடுத்ததும் மொத்தக் கோடும் இரண்டு துண்டாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. எண்ணற்ற எண்களில் ஒன்று போனால் என்ன என்று தோன்றும். ஆனால் தொடர்ச்சி அறுவதற்கு அந்த ஒன்றே போதும்.

தோட்டத்து வேலையிலும் இதைப் பார்க்கலாம். மும்முனை மின்சாரம் காலை 9 முதல் மாலை 3 வரை இருக்கிறது. தண்ணீர் கட்ட ஆள் வருவது 1 மணி முதல் 5 மணி வரை. மோட்டார் ஓட இரண்டும் வேண்டும். அப்படியானால் 1 முதல் 3 வரைதான் ஓடும். இரண்டு இடைவெளிகளுக்குப் பொதுவாக உள்ள பகுதி எப்போதும் இடைவெளியாகவே இருக்கும், அல்லது ஒன்றுமே இல்லாமல் போகும். ஆனால் சேர்த்தால் அப்படியில்லை. மின்சாரம் 9 முதல் 12 வரையும் 2 முதல் 5 வரையும் வந்தால், இரண்டையும் சேர்த்த நேரம் ஓர் இடைவெளி ஆகாது. நடுப்பகல் ஒரு மணி விடுபட்டிருக்கிறதே!

வேலி யாருடையது?

"3 முதல் 7 வரை" என்றால் மூன்று சேருமா? ஏழு சேருமா? பேச்சில் இதை ஆளுக்கொரு மாதிரி எடுத்துக்கொள்கிறோம். "பத்தாம் தேதி வரைக்கும் கட்டலாம்" என்றால் பத்தாம் தேதியும் சேர்த்தி. "பத்தாம் தேதிக்குள்ள" என்றால் சிலருக்குச் சேர்த்தி, சிலருக்கு இல்லை. நிலத்தில் இதே வழக்கு வேலியின் பேரில் வரும். நடுவில் நிற்கும் கிளுவை யாருடைய பட்டாவில்? நம்முடையது என்றால் தழை வெட்டும் உரிமை நமக்கு. பக்கத்துக் காட்டுக்காரருடையது என்றால் நாம் வேலியைத் தொடக்கூடாது.

கணக்கில் இந்த வழக்கே எழாதபடி குறியீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். சதுர அடைப்புக்குறி போட்டால் அந்த முனை உள்ளே. வளைந்த அடைப்புக்குறி போட்டால் வெளியே. [3, 7] என்றால் மூன்றும் ஏழும் சேர்த்தி. இதற்கு மூடிய இடைவெளி என்று பெயர். (3, 7) என்றால் இரண்டும் சேர்த்தி இல்லை, இடையில் உள்ளவை மட்டும். இது திறந்த இடைவெளி. ஒரு முனை உள்ளே, ஒரு முனை வெளியே என்றால் அரைத்திறந்த இடைவெளி: [3, 7) அல்லது (3, 7]. எண்கோட்டில் வரையும்போது சேர்ந்த முனைக்கு நிரப்பிய வட்டமும் சேராத முனைக்கு வெற்று வட்டமும் போடுவது வழக்கம்.

ஓர் எச்சரிக்கை. வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறிக்கவும் (3, 7) என்றே எழுதுகிறோம். குறி ஒன்று, பொருள் வேறு. சுற்றியிருக்கும் வாக்கியத்தை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். இந்தக் குழப்பம் வேண்டாமென்று திறந்த இடைவெளியை ]3, 7[ என்று அடைப்பைத் திருப்பிப் போட்டு எழுதும் வழக்கமும் சில நாடுகளில் உண்டு.

அரைத்திறந்த இடைவெளி ஏதோ புத்தகச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். ஈரோடு ஜங்ஷனில் குழந்தைக்கு அரை டிக்கெட் எடுக்கப் போனால் அது அங்கே இருக்கும். ரயிலில் ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் பாதிக் கட்டணம்: [5, 12). பன்னிரண்டு நிறைந்த நாளிலேயே முழு டிக்கெட். வருமான வரியில் அடைப்பு மறுபக்கம் திரும்பியிருக்கும். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை, 4 லட்சத்துக்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம், லட்சக் கணக்கில் எழுதினால் (4, 8]. இரண்டிலும் ஒரு முனை உள்ளே, ஒரு முனை வெளியே என்று வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இடைவெளிகளை அடுத்தடுத்து வைக்கும்போது எந்த எண்ணும் இரண்டு படிகளில் விழக்கூடாது. எதிலும் விழாமலும் போகக்கூடாது.

கரண்ட் பில்லில் மட்டும் 1–100, 101–200 என்று படிகள் போட்டிருப்பார்களே, நூறுக்கும் நூற்றொன்றுக்கும் நடுவில் உள்ளவை எங்கே போயின? அங்கே யூனிட்டை முழு எண்ணாகத்தான் கணக்கெடுக்கிறார்கள். 100.6 யூனிட் என்று பில் வராது. அது கற்களின் கணக்கு. மெய்யெண்ணில் இதே மாதிரிப் படி போட்டால் படிக்குப் படி ஓட்டை விழும்.

சுருக்கமாக: சதுர அடைப்பு என்றால் முனை சேரும், வளைந்த அடைப்பு என்றால் சேராது. முனை போனாலும் வந்தாலும் நடுவில் எதுவும் விடுபடக்கூடாது என்ற விதி மாறுவதில்லை.

கடைசி எண்ணைத் தேடி

பிள்ளைகள் உண்மையிலேயே மலைத்து நிற்பது இந்த இடத்தில்தான். [0, 1] என்ற மூடிய இடைவெளியில் மிகப் பெரிய எண் எது? ஒன்று. சரி, (0, 1) என்ற திறந்த இடைவெளியில்? ஒன்று சேர்த்தி இல்லை. அப்படியானால் அதற்குச் சற்று முன்னால் உள்ளதுதானே கடைசி?

இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடைசி எண்ணையும் ஒன்றையும் கூட்டிப் பாதியாக்குங்கள். வரும் எண் கடைசி எண்ணைவிடப் பெரியது, ஒன்றைவிடச் சிறியது. ஆகவே அதுவும் இதே இடைவெளிக்குள் இருக்கிறது. கடைசி என்று சொன்னது கடைசி இல்லை என்றாகிவிட்டது. நீங்கள் எந்த எண்ணைக் கொண்டுவந்தாலும் இதுவே நடக்கும். திறந்த முனையில் கடைசி எண்ணே கிடையாது. வேலியை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், ஆனால் 'வேலிக்கு முந்தைய இடம்' என்று ஓரிடத்தைக் காட்ட முடியாது.

"0.999… தானுங்க சார் கடைசி" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். ஒன்பதுகள் முடிவில்லாமல் போகும் அந்த எண், ஒன்றுக்குக் குறைவானது இல்லை, அது ஒன்றேதான். 1/3 என்பது 0.333… என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். மூன்றால் பெருக்குங்கள். இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0.999…. ஒரே எண்ணை எழுத இரண்டு வழிகள், அவ்வளவுதான். ஆகவே அது (0, 1)-க்குள் இல்லவே இல்லை. ஒன்பதுகள் எங்கேயாவது நின்றுவிட்டால் அந்த எண் உள்ளே இருக்கும், ஆனால் கடைசியாக இருக்காது.

இன்னொரு சந்தேகமும் இங்கேயே தீர வேண்டும். முனைகளை எடுத்துவிட்டால் இடைவெளி குட்டையாகிவிடுமா? ஆகாது. [3, 7]-இன் நீளம் நான்கு, (3, 7)-இன் நீளமும் நான்கு. கிளுவை வேலிக்கு அரையடியாவது அகலம் உண்டு, புள்ளிக்கு அகலமே கிடையாது. வேலி உவமை துணைக்கு வருவது இதுவரைதான். இதற்கு மேல் அதைக் கைவிட்டுவிட வேண்டும்.

முடிவிலி எந்தப் பக்கம்?

ஓட்டுப் போட 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; மேல் எல்லை கிடையாது. இதை [18, ∞) என்று எழுதுகிறோம். ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1655-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ∞ என்ற குறி இங்கே ஓர் எண்ணைக் குறிக்கவில்லை. 'இந்தப் பக்கம் வேலி போடவில்லை' என்று சொல்கிறது. எண் இல்லாத ஒன்றை உள்ளே சேர்க்க முடியாதே. அதனால்தான் ∞ பக்கத்தில் எப்போதும் வளைந்த அடைப்பு. மொத்த எண்கோடும்கூட ஓர் இடைவெளிதான்: (−∞, ∞).

லேத் பட்டறையில் ஓர் இடைவெளி

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவிடம் "25 மில்லிமீட்டர் துளை போடுங்க" என்று சொன்னால், "டாலரன்ஸ் எவ்வளவு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மிகச் சரியாக 25 என்று உலகில் யாராலும் கடைய முடியாது. அளவு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று சொன்னால்தான் வேலை ஓடும். பட்டறைக்கு வரும் வரைபடத்தில் ஒற்றை எண்ணாகத் தெரிவதெல்லாம் உண்மையில் ஓர் இடைவெளி.

25 மில்லிமீட்டர் துளைக்கு எங்கும் வழங்கும் ஓர் அளவுத் தரத்தில், துளை 25.000-க்குக் குறையக்கூடாது, 25.021-ஐத் தாண்டக்கூடாது. அதாவது [25.000, 25.021]. அதைச் சோதிக்கும் கேஜுக்கு இரண்டு முனை. கோ முனை 25.000 அளவு, அது துளைக்குள் போக வேண்டும். நோ-கோ முனை 25.021, அது போகக்கூடாது. முதல் முனை போய் இரண்டாவது முனை போகாவிட்டால் துளை சரி. துளையின் விட்டம் எவ்வளவு என்று கேஜ் சொல்லாது. இடைவெளிக்குள் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். ஓர் இடைவெளியின் இரண்டு முனைகளையும் இரும்பில் செய்து கையில் கொடுத்த மாதிரி.

இதற்குள் சுழலும் உருளைத் தண்டான சாஃப்டுக்கு [24.980, 24.993]. இப்போது இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு சந்து இருக்கும்? இங்கே நிறையப் பேர் தப்பு செய்வார்கள். சிறியதிலிருந்து சிறியதையும் பெரியதிலிருந்து பெரியதையும் கழித்து, 0.020 முதல் 0.028 வரை என்பார்கள். ஆனால் பட்டறையில் சிறிய துளையில் பெரிய சாஃப்ட் வந்து மாட்டலாம். அப்போது சந்து 25.000 − 24.993 = 0.007. பெரிய துளையில் சிறிய சாஃப்ட் மாட்டினால் 25.021 − 24.980 = 0.041. உண்மையான விடை [0.007, 0.041]. இரண்டு இடைவெளிகளைக் கழிக்கும்போது சிறியதிலிருந்து பெரியதும், பெரியதிலிருந்து சிறியதும் போக வேண்டும். கழித்தாலும் நீளம் குறைவதில்லை, கூடுகிறது: 0.021-உம் 0.013-உம் சேர்ந்து 0.034.

சரி, பட்டறையில் சதுர அடைப்பா வளைந்த அடைப்பா என்பது முக்கியமா? அங்கே முக்கியமில்லை. மிகச் சரியாக 25.021 என்ற அளவை எந்தக் கருவியாலும் உறுதி செய்ய முடியாது. வயது, வரி, தேர்வு மதிப்பெண் போன்று மனிதர் வகுத்த விதிகளிலும், கணித நிரூபணங்களிலும்தான் முனை சேர்ந்ததா சேரவில்லையா என்பது தலைபோகிற காரியம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அடைப்புக்குறிக்கு மட்டும் மதிப்பெண் போடுவதால்தான் பிள்ளைகளுக்கு இதில் பிடிப்பு வருவதில்லை என்று நினைக்கிறேன்.

துணியில் இருக்கும் துளைகள்

முன்பு ஒன்றைச் சொல்லவில்லை. 0-க்கும் 1-க்கும் நடுவில் உள்ள பின்னங்களை, அதாவது விகிதமுறு எண்களை மட்டும் எடுத்தால் அது இடைவெளியா? எந்த இரண்டு பின்னங்களுக்கு நடுவிலும் இன்னொரு பின்னம் இருக்கிறது. நெருக்கத்துக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அது இடைவெளி ஆகாது.

சென்னிமலைப் போர்வையைக் கையில் பிடித்தால் ஒரே பரப்பாகத்தான் தெரியும். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இழைக்கும் இழைக்கும் நடுவே வெளிச்சம் வரும். பின்னங்களும் அப்படித்தான், தூக்கிப் பார்க்க ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

வழி இதோ. எந்த எண்ணின் வர்க்கம் இரண்டு? 1-இன் வர்க்கம் 1, 2-இன் வர்க்கம் 4. ஆகவே தேடுவது [1, 2]-க்குள். 1.4-க்கு 1.96, 1.5-க்கு 2.25; ஆகவே [1.4, 1.5]-க்குள். 1.41-க்கு 1.9881, 1.42-க்கு 2.0164, [1.41, 1.42]. அப்புறம் [1.414, 1.415]. ஒன்றுக்குள் ஒன்றாக இடைவெளிகள் சுருங்கிக்கொண்டே போகின்றன. முனைகள் எல்லாமே பின்னங்கள். ஆனால் இவை அனைத்துக்கும் உள்ளே பொதுவாக நிற்கும் புள்ளியில் பின்னம் எதுவும் இல்லை. பின்னங்கள் மட்டுமே இருக்கும் உலகில் அங்கே ஓட்டை. மெய்யெண்களின் உலகில் அங்கே √2 நிற்கிறது.

மூடிய இடைவெளிகளை இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக எவ்வளவு சுருக்கிக்கொண்டு போனாலும், எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு மெய்யெண்ணாவது கட்டாயம் இருக்கும். மெய்யெண்களின் இந்தக் குணத்துக்கு முழுமை என்று பெயர். எண்கோட்டில் ஓட்டை இல்லை என்று அதுவரை நாம் படம் பார்த்துச் சொன்னதற்கு ஆதாரம் இதுதான்.

இதைக் கறாராக எழுதிய முதன்மையானவர்களில் ஒருவர் ஜெர்மானியரான ரிச்சர்ட் டெடெகிண்ட். 1858-இல் சூரிச்சில் நுண்கணிதம் கற்பிக்கும்போது, கோட்டில் ஓட்டை இல்லை என்று படத்தைக் காட்டிச் சொல்ல வேண்டியிருந்தது அவரை உறுத்தியது. அதற்கு அவர் கண்ட விடை 1872-இல் அச்சில் வந்தது. வகுப்பறையில் நிற்கும் ஒருவருக்கு வந்த உறுத்தல் அது என்பதாலேயே எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

இதுவரை பார்த்தது: நெருக்கமாக இருப்பது வேறு, விடுபடாமல் இருப்பது வேறு. பின்னங்கள் நெருக்கமானவை. மெய்யெண்கள் நெருக்கமானவை, விடுபடாதவையும்கூட.

22/7 எங்கே நிற்கிறது?

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை என்ற எண்ணை 22/7 என்றே படித்து வளர்ந்தோம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கப் பலகோணங்கள் வரைந்து, பை 223/71-ஐவிடப் பெரியது, 22/7-ஐவிடச் சிறியது என்று நிறுவினார். பை இருப்பது (223/71, 22/7) என்ற திறந்த இடைவெளிக்குள். நாம் பை என்று நினைத்திருந்த 22/7 அதன் கிழக்கு வேலி. அந்த இடைவெளியின் நீளம் 1/497 மட்டுமே என்பதால் சாதாரண வேலைகளுக்கு வேலியையே வீடாக வைத்துக்கொள்கிறோம்; தவறில்லை. 1887-இல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், 2143/22-க்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்தால் பையோடு எட்டுத் தசம இலக்கங்கள் வரை ஒத்துப்போகும் என்று காட்டினார். 3.14159265258 என்று போகும் அதுவும் பை இல்லை. அதற்கும் பைக்கும் நடுவே எண்ணற்ற மெய்யெண்கள் கிடக்கின்றன.

அணையின் நீர்மட்டம்

பவானிசாகர் அணையின் முழு நீர்மட்டம் 105 அடி. மழைக்காலத்தில் பேப்பரைத் திறந்ததும் எங்கள் பக்கத்தில் முதலில் பார்ப்பது காலை எட்டு மணி நீர்மட்டத்தைத்தான். நேற்று 96 அடி, இன்று 97 அடி என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு எண்கள்தான் அச்சாகியிருக்கின்றன. ஆனால் தண்ணீர் 96-லிருந்து 97-க்குத் தாவவில்லை. நடுவில் 96.5-ஐக் கடந்தது. 9,300-இன் வர்க்கமூலம் என்ற விகிதமுறா உயரத்தையும், ஏறக்குறைய 96.4365 அடி, ஏதோ ஒரு நொடியில் சரியாகக் கடந்தது. அளவுகோலில் அப்படி ஒரு கோடு கிடையாது, அதை யாரும் பார்க்கவும் இல்லை. இருந்தாலும் கடந்தது உறுதி. தொடர்ந்து மாறும் எந்த அளவும் இரண்டு மதிப்புகளுக்கு நடுவில் உள்ள எதையும் விடாமல் கடந்தாக வேண்டும் என்று 1817-இல் பெர்னார்ட் போல்சானோ என்ற கணிதவியலாளர் நிரூபணத்தோடு எழுதினார். நடுவில் எதுவும் விடுபடக்கூடாது என்ற நம் பழைய விதிதான், இப்போது தண்ணீரின் வடிவில் வந்திருக்கிறது.

இதைச் சொல்லி முடித்ததும் அதே பெண் கேட்டாள்: "அப்ப எந்த நிமிசத்துல தாண்டுச்சுன்னு கண்டுபுடிக்க முடியுங்களா சார்?"

முடியும் கண்ணு என்றேன். நேற்றுக் காலை எட்டு மணியைப் பூஜ்யமாக வை. தேடும் நேரம் [0, 24]-க்குள், மணிக்கணக்கில். பன்னிரண்டாவது மணியில் நீர்மட்டத்தைப் பார். அதற்குள் அந்த உயரத்தை எட்டியிருந்தால் தேடுவது [0, 12]-க்குள் இருக்கும், இல்லையென்றால் [12, 24]-க்குள். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு.

அவள் நோட்டில் 12, 6, 3, 1.5 என்று எழுதிக்கொண்டே போனாள். பத்தாவது வரியில் இடைவெளியின் நீளம் ஒன்றரை நிமிடத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. பேனாவை வைக்காமல் பதினோராவது வரியைத் தொடங்கினாள்.